துட்டு வந்த கடல்வழி

திருகோணமலையிலிருந்து தம்பலகாமம் நோக்கிக் கண்டி வீதியில் போகும்போது கப்பல்துறை வருகிறது. ஊரின் பெயரில் கப்பல் இருக்கிறது, துறையும் இருக்கிறது. வீதியோரம் நின்றால் கண்ணில் படுவது பஸ்ஸும் லொறியும் முச்சக்கரவண்டியும்தான். ஆனால் அந்த வீதியோரக் கடைகளில் நின்று பேச்சைக் கேட்டால், கப்பலேறி வந்த ஒரு பொருள் இன்னும் புழக்கத்தில் இருப்பது தெரியும். "கையில சல்லி இல்ல, பிறகு தாறன்" என்கிறார் ஒருவர். "சல்லி இருந்தாத்தான் மச்சான் மதிப்பு" என்கிறார் மற்றவர். சல்லி என்றால் பணம். கிழக்கு மாகாணத்தில் தமிழரும் முஸ்லிம்களும் அப்படித்தான் சொல்கிறார்கள், சிங்களவரும் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். ஆயிரம் ரூபாத் தாளும் சல்லிதான், வங்கிக் கணக்கில் எண்ணாக மட்டும் இருப்பதும் சல்லிதான். சல்லி என்ற நாணயத்தைக் கொடுத்துப் பொருள் வாங்கியவர் எவரும் இன்று உயிரோடு இல்லை.

அந்த நாணயம் ஒரு சின்னச் செப்புத் தகடு. எடை மூன்று கிராமுக்கு முன்னே பின்னே. அதற்கு ஒல்லாந்தர் வைத்த பெயர் டொய்ட். இலங்கையில் அது சல்லி எனப்பட்டது. தமிழ்நாட்டுக் கரையிலோ டொய்ட் என்ற பெயரே நாவுக்கு ஏற்ப வளைந்து துட்டு ஆயிற்று. துட்டு என்பது இந்த ஒல்லாந்துச் சொல்லின் வழிவந்தது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் சென்னையிலும் துட்டு என்று சொல்பவரும், திருகோணமலையில் சல்லி என்று சொல்பவரும் ஒரே செப்புக் காசைத்தான் தங்களை அறியாமல் கையில் வைத்திருக்கிறார்கள். அந்தக் காசு எப்படி வந்தது, எப்படிச் செத்தது, செத்த பிறகும் எப்படி வாயில் தங்கியது என்பதை ஒழுங்காகச் சொல்லிவைக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் விருப்பம்.

ஒல்லாந்தில் டொய்ட் ஏழையின் காசு. எட்டு டொய்ட் சேர்ந்தால் ஒரு ஸ்டைவர். இருபது ஸ்டைவர் ஒரு கில்டர். ரொட்டிக்கடையிலும் தேவாலயக் காணிக்கைப் பையிலும் கைமாறும் காசு அது. 1602இல் தொடங்கிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் கப்பல்கள் ஆசியாவுக்கு வந்தபோது டொய்ட்டும் கூட வந்தது. வந்த இடத்தில் அதன் மதிப்பு மாறியது. ஆசியாவில் நான்கு டொய்ட்டுக்கே ஒரு ஸ்டைவர் என்று கொம்பனி கணக்கு வைத்தது. ஆம்ஸ்டர்டாமில் மூட்டை கட்டி ஏற்றிய செப்புக்காசு, ஆறு ஏழு மாதம் கடலில் அலைந்து கிழக்கே இறங்கியதும் இரண்டு மடங்கு மதிப்பாகிவிடும். பண்டம் எதுவும் விற்காமல், கடலைக் கடந்ததாலேயே கிடைக்கிற இலாபம்.

இந்த இலாபத்தைக் கொம்பனி மட்டும் கண்டுகொள்ளவில்லை. மாலுமிகளும் அதிகாரிகளும் கண்டுகொண்டார்கள். சொந்தப் பெட்டிகளில் டொய்ட்டைத் திருட்டுத்தனமாக அள்ளி வந்தார்கள். அதைத் தடுக்கத்தான் 1726 முதல் கொம்பனி தனக்கென்று தனி டொய்ட் அடிக்க ஏற்பாடு செய்தது. ஒரு பக்கம் ஒல்லாந்து, சீலாந்து, உட்ரெக்ட் போன்ற மாகாணம் ஒன்றின் இலச்சினை. மறுபக்கம் ஒரு பெரிய ஆங்கில வீ, அதன் இரு கைகளில் ஒன்றில் ஓ, மற்றதில் சி. அதன் கீழோ மேலோ ஆண்டு. இந்த முத்திரை உள்ள காசு ஐரோப்பாவில் செல்லாது, ஆசியாவில் மட்டும் செல்லும். இந்த மூன்றெழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னொருவர் நினைவு வரும். அதே எழுத்துகளைத் தன் பெயரின் முதலெழுத்துகளாகக் கொண்ட வ.உ.சிதம்பரனார், 1906இல் சுதேசிக் கப்பல் கொம்பனி தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையில் கப்பல் விட்டார். எழுத்து ஒன்றுதான். ஒன்று வாங்கிப்போக வந்த கொம்பனி, மற்றது மீட்டெடுக்க வந்த மனிதர்.

துட்டு தமிழரிடம் சேர்ந்த கரைகள் பல. பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இறங்கிவிட்டார்கள். 1658இல் தூத்துக்குடியும் நாகபட்டினமும் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயரிடமிருந்து அவர்கள் கைக்குப் போயின. திருகோணமலையை 1639இல் கண்டி மன்னன் இராசசிங்கனோடு சேர்ந்து பிடித்தார்கள். பிறகு விட்டார்கள். 1665இல் திரும்பவும் வந்து ஊன்றினார்கள். இன்று பிரட்றிக் கோட்டை என்று நாம் சொல்லும் கோட்டையிலும், துறைமுக வாயிலில் இருக்கும் ஒஸ்டன்பேர்க் கோட்டையிலும் காவற்படை இருந்தது. படைக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். மரம் வெட்டியவர், கல் சுமந்தவர், தோணி வலித்தவர், கப்பலுக்குத் தண்ணீர் இறைத்தவர் எல்லாருக்கும் கூலி கொடுக்க வேண்டும். வெள்ளி நாணயம் கருவாப்பட்டைக்கும் துணிக்கும் யானைக்கும் கைமாறியது. கூலியாளின் மடிக்கு வந்தது செப்பு.

இப்போது திருகோணமலையின் பங்குக்கு வருகிறேன். இந்தக் கதையில் இந்த ஊர் காசை வாங்கிக்கொண்டது மட்டுமல்ல, அடித்தும் இருக்கிறது.

1780இல் ஒல்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நான்காவது போர் மூண்டது. ஒல்லாந்தக் கப்பல்கள் கடலில் தைரியமாக நடமாட முடியவில்லை. காசு ஏற்றிய பெட்டிகள் வந்து சேரவில்லை. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் திருகோணமலையைப் பிடித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் அதை அவர்களிடமிருந்து பறித்தார். சில நாளில், செப்டம்பர் 3ஆம் திகதி, இந்தத் துறைமுகத்துக்கு வெளியே இரு கடற்படைகளும் மோதின. போர் முடிந்து சமாதானம் ஆனதும் கோட்டை ஒல்லாந்தரிடம் திரும்பியது. ஊர் திரும்பக் கிடைத்தது, கொடுக்கக் காசு இல்லை. ஆகவே இலங்கையிலேயே அடிக்கத் தொடங்கினார்கள். கொழும்பு, காலி, யாழ்ப்பாணம், திருகோணமலை ஆகிய நான்கு ஊர்களிலும் செப்பு ஸ்டைவர்கள் அடிக்கப்பட்டன. கொம்பனியின் மூன்றெழுத்துச் சின்னத்துக்கு மேலே ஊரின் முதலெழுத்து. கொழும்புக்குச் சி, காலிக்கு ஜீ, யாழ்ப்பாணத்துக்கு ஐ, திருகோணமலைக்கு டீ. முரட்டுத்தனமான, கனத்த காசுகள். விளிம்பு நேராக இருக்காது, முத்திரை நடுவில் விழுந்திருக்காது. அவசரத்தில் செய்த வேலை என்பது பார்த்த உடனே தெரியும்.

செப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கொம்பனி ஆசியாவில் விற்ற செப்பில் பெரும்பகுதி ஜப்பானுடையது. நாகசாகித் துறைமுகத்தில் டெஜிமா என்ற செயற்கைத் தீவில் ஒல்லாந்தர் மட்டும் வணிகம் செய்ய அனுமதி பெற்றிருந்தார்கள். அங்கே வாங்கிய செப்புப் பாளங்கள் கொம்பனியின் ஆசியத் தலைமையிடமான படேவியா வழியாக இலங்கைக்கும் சோழமண்டலக் கரைக்கும் வந்தன. 1785இல் இலங்கையில் பாளத்தையே துண்டாக வெட்டி, முத்திரை குத்தி, காசாக வெளியிட்டதும் உண்டு. ஜப்பான் மலையில் தோண்டிய செப்பு, ஒல்லாந்தச் சின்னம் தாங்கி, கூலியாக யாரோ ஒரு தமிழனின் உள்ளங்கையில் விழுந்தது. உலக வணிகம் என்று நாம் பெரிதாகப் பேசுவது அந்த உள்ளங்கையில்தான் முடிந்தது.

1786இல் திருகோணமலைக்குப் பொறுப்பாக இருந்த வான் சென்டன் என்ற ஒல்லாந்த அதிகாரி கொட்டியாரம், தம்பலகாமம் பகுதிகளைச் சுற்றிப் பார்த்து ஒரு நாட்குறிப்பு எழுதினார். வயலும் குளமும் குடிகளும் எப்படி இருக்கின்றன, பயிரை எப்படிப் பெருக்கலாம் என்பதே அவர் தேடியது. அந்தக் காலத்துத் திருகோணமலைக் கிராமங்களை அறிய விரும்புவோர் இன்றும் அதைத் தேடி வாசிக்கிறார்கள். கொம்பனிக்கு அப்போது இந்த ஊரில் மிஞ்சியிருந்தது பத்து வருடம்கூட இல்லை. 1795 ஆகஸ்டில் ஆங்கிலேயர் திரும்ப வந்து திருகோணமலையைப் பிடித்தார்கள். மறுவருடம் இலங்கைக் கரை முழுவதும் அவர்கள் வசம். 1799 முடிவோடு கொம்பனியே இல்லை.

ஆட்சி மாறியது. கணக்கு மாறவில்லை. ஆங்கிலேயர் தங்கள் பவுணையும் பென்ஸையும் உடனே திணிக்க முடியாமல், ஒல்லாந்தர் கணக்கையே தொடர்ந்தார்கள். நாலு சல்லி ஒரு ஸ்டைவர். நாலு ஸ்டைவர் ஒரு பணம். பன்னிரண்டு பணம் ஒரு இறைசால். இறைசால் என்பது ஒல்லாந்தரின் பெரிய வெள்ளிக் கணக்கு, றைக்ஸ்டாலர். யாழ்ப்பாணத்தவர் அதை அப்படித் தமிழாக்கிக்கொண்டார்கள். பெருக்கிப் பார்த்தால் 192 சல்லி ஒரு இறைசால். தமிழ்நாட்டில் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு பை என்று எண்ணினாலும் அதே 192தான் வரும். நாலாகவும் பன்னிரண்டாகவும் பிரித்துப் பழகிய கைகளுக்கு ஏற்ற எண் அது. ஆங்கிலேயர் 1800களின் தொடக்கத்தில் அடித்த இலங்கைச் செப்புக்காசில் ஒரு பக்கம் யானை நிற்கும், மறுபக்கம் 48 என்றோ 24 என்றோ 12 என்றோ எண் இருக்கும். ஓர் இறைசாலில் எத்தனையில் ஒரு பங்கு என்பது அதன் பொருள்.

1825இல்தான் இலண்டன் கணக்கு சட்டமானது. ஓர் இறைசால் ஒன்றரைச் சில்லிங் என்று நிர்ணயித்தார்கள். ஆனால் கப்பல்துறையிலோ கிண்ணியாவிலோ மீனும் கீரையும் வாங்குகிறவருக்குப் பென்ஸ் மிகப் பெரிய காசு. அதன் நாலிலொரு பங்கான பார்திங்கும் பெரிது. கடைசியில் இலண்டன் நாணயசாலையே இறங்கிவர வேண்டியிருந்தது. 1828இல் இலங்கைக்கென்று அரைப் பார்திங் அடித்தார்கள். அதுவும் போதவில்லை. 1839இல் கால் பார்திங் வந்தது. ஒரு பென்ஸின் பதினாறில் ஒரு பங்கு. பிரித்தானியா அடித்த நாணயங்களிலேயே அதைவிடச் சிறிய மதிப்புள்ளது எதுவும் இல்லை. விக்ரோறியா மகாராணியின் தலையைச் சட்டைப் பொத்தான் அளவுத் தகட்டில் பொறித்து அனுப்பியதற்குக் காரணம், சல்லிக் கணக்கை விடாத இந்தத் தீவின் சந்தைகள். பேரரசு தன் காசை மக்கள் அளவுக்கு வெட்டிக்கொண்டது, மக்கள் தங்கள் கணக்கைப் பேரரசின் அளவுக்கு நீட்டிக்கொள்ளவில்லை. எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

பேச்சில் எது தங்கியது என்று பாருங்கள். இறைசால் போய்விட்டது. அதைப் பழைய உறுதிகளிலும் அகராதியிலும்தான் தேட வேண்டும். ஸ்டைவரும் போய்விட்டது. கில்டரை யாரும் தமிழில் சொல்வதில்லை. பெரிய வெள்ளிக் காசுகளைக் கண்டவர்கள் உடையாரும் முதலியாரும் வணிகரும்தான், அதுவும் எப்போதாவது. தங்கியது சல்லியும் துட்டும். ஆகச் சிறியது, ஆக அழுக்கானது, ஆக அதிகமான கைகளில் ஏறி இறங்கியது. காசு என்பதும் அப்படி ஒரு சிறு நாணயத்தின் பெயர்தான். பணம் என்பது கூட ஒரு நாணயத்தின் பெயர், கடுகைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு பொன்துளி. நம் மொழியில் செல்வத்தைக் குறிக்க நாளாந்தம் வழங்கும் இந்த நாலு சொற்களும் செத்துப்போன நாணயங்களின் பெயர்கள். கூலி வாங்கியவர்கள்தான் இந்தப் பெயர்களைக் காப்பாற்றித் தந்தார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கொம்பனியின் பேரேடுகளில் அவர்கள் பெயர் பெரும்பாலும் இல்லை. அவர்கள் வாங்கிய காசின் பெயர் நம் வாயில் இருக்கிறது.

சிங்களம் சல்லி, துட்டு இரண்டையுமே வைத்துக்கொண்டது. ஒருவரைத் துளியும் மதிக்கவில்லை என்பதற்கு, ஒரு துட்டுக்கும் கணக்கெடுக்கவில்லை என்பார்கள். மட்டமான பொருளை இரண்டு துட்டுச் சாமான் என்பார்கள். நாம் "சல்லிக்காசு பெறாது" என்பதன் உடன்பிறப்பு அது. இரண்டு மொழிகளும் எதையெதையோ பங்குபோடச் சண்டையிட்ட தீவில், இந்தச் செப்பை யாரும் பங்கு கேட்கவில்லை. அது இரு பக்கமும் அப்படியே இருக்கிறது. கிழக்கே இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் இன்றைய பேச்சில் பணத்துக்குப் பெயர் டுயிட். கோலாலம்பூரில் ஒரு தமிழர் மலாய்க்காரரிடம் டுயிட் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து துட்டு என்றால், இரண்டு முறையும் அவர் சொன்னது ஒன்றையே. ஆங்கிலத்திலும் டொய்ட் ஏறியது. ஷேக்ஸ்பியர் அதைத் தன் நாடகங்களில் எடுத்தாண்டிருக்கிறார். பிறந்த வீடான ஒல்லாந்திலோ டொய்ட் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதிய பதின்மக் கணக்கு வந்ததும் வழக்கொழிந்தது. ஆனால் ஒரு பேச்சில் நடுவே புகுந்து தன் கருத்தையும் சொல்கிறவரைப் பற்றி ஒல்லாந்தர் இன்றும், பைக்குள் ஒரு டொய்ட் போட்டார் என்கிறார்கள். கோல் நுனியில் கட்டிய காணிக்கைப் பை தேவாலயத்தில் வரிசை வரிசையாக நீண்டுவந்த காலத்தின் சொல் அது. நம் ஊர்க் கோயில் உண்டியலுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. உண்டியல் என்றால் வணிகர் எழுதிக்கொடுத்த பணமாற்றுச் சீட்டு. சீட்டு போய்விட்டது. வெளிநாட்டிலிருந்து வங்கி வழியன்றிக் காசு அனுப்புவதை ஈழத்தமிழர் இன்றும் உண்டியல் என்கிறார்கள்.

எதிர்த் திசையிலும் பயணம் நடந்தது. தமிழ்க் காசு போர்த்துக்கேயர் வழியாக ஐரோப்பாவுக்குப் போய், ஆங்கிலேயர் தென்னிந்தியச் சிறு நாணயங்களைக் கேஷ் என்று எழுதத் தொடங்கினார்கள். 1808இல் பர்மிங்காமில் மத்தியூ போல்டனின் நீராவி இயந்திரச் சாலையில் சென்னை மாகாணத்துக்காகப் பத்துக் காசு, இருபது காசு என்று பொறித்த செப்பு நாணயங்கள் அடிக்கப்பட்டன. அவற்றை ஏற்றிவந்த அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கரையைத் தாண்டுவதற்குள்ளேயே குட்வின் மணல்மேட்டில் மோதி மூழ்கியது. 1980களில் அந்த இடத்திலிருந்து இலட்சக்கணக்கில் காசுகளை மேலே எடுத்தார்கள். சென்னையில் ஒரு நாளும் செலவாகாத சென்னைக் காசுகள். கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்ற நம் சொல், பாய்மரக் கப்பலில் முதல் போட்டுக் காத்திருந்தவர்கள் நடுவில் பிறந்திருக்கலாம். கப்பலில் பங்கு போட்டவர் இன்று நம்மில் எத்தனை பேர்? பரீட்சையில் தவறிய பிள்ளைக்கு அதைத்தான் சொல்கிறோம்.

தமிழ்நாட்டில் சல்லி மாட்டின் கொம்பிலும் ஏறியது. சல்லிக்காசைத் துணியில் முடிந்து காளையின் கொம்பில் கட்டிவிட, அதை அவிழ்ப்பவனுக்கு அது சொந்தம். சல்லிக்கட்டு என்ற பெயருக்குச் சொல்லப்படும் விளக்கம் அது. இன்று பரிசு மோட்டார் சைக்கிளும் காரும். பெயர் முடிச்சிலேயே நிற்கிறது. தம்பிடி என்ற சிறு காசும் அப்படி. 1957 ஏப்ரலில் இந்தியா நூறு பைசாக் கணக்குக்கு மாறியபோது தம்பிடியும் அணாவும் போயின. தம்பிடி தரமாட்டேன் என்ற மறுப்பு போகவில்லை. ஐம்பது பைசாவை எட்டணா என்றும் இருபத்தைந்து பைசாவை நாலணா என்றும் அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகும் சொன்னார்கள். 2011 ஜூன் 30 முதல் அந்த நாலணாவும் செல்லாது என்று அரசு அறிவித்தது.

இலங்கையில் சல்லியை முடித்துவைத்தது சதம். 1872 ஜனவரி முதலாம் திகதி, ஒரு ரூபாவுக்கு நூறு சதம் என்ற கணக்கு நடைமுறைக்கு வந்தது. சிறு வாங்குதலுக்குக் கால் சதமும் அரைச் சதமும்கூட செப்பில் அடித்தார்கள். 1909இல் வந்த ஐந்து சதம் சதுரமானது, மூலைகள் மழுங்கியது. 1944இல் வந்த பத்துச் சதம் பூவிதழ்போல் வளைவு வளைவான விளிம்புள்ளது. இருட்டிலும் தடவிப் பார்த்தே எது எதுவென்று சொல்லலாம். எண்ணும் எழுத்தும் அறியாத கைகளை நினைத்து யாரோ அக்கறையோடு வடிவமைத்த குத்திக்காசுகள் அவை. எழுபது வயது தாண்டிய எவரைக் கேட்டாலும் அந்தச் சதுரத்தின் முனை விரலில் பட்ட உணர்வைச் சொல்வார்கள்.

சதமும் இப்போது சல்லி போன வழியில் போகிறது. கடையில் அதை நீட்டுவாரும் இல்லை, வாங்குவாரும் இல்லை. பில்லில் மட்டும் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கமாக நிற்கிறது. 2022இல் விலைகள் ஏறிய வேகத்தில் ரூபாக் குத்திகளே சில்லறையாகிப்போயின. ஆனால், அஞ்சு சதத்துக்கும் உதவாதவன் என்ற ஏச்சு குறையவே இல்லை. அதைச் சொல்லும் பிள்ளைகளில் பலர் ஐந்து சதத்தைப் பார்த்ததில்லை.

அந்த ஏச்சு இப்போது விமானமேறியும் போயிருக்கிறது. ரொறன்ரோவில் வாழும் ஈழத்தமிழர் கனடியச் சென்ரைச் சதம் என்றே சொல்கிறார்கள். கனடா 2013 பெப்ரவரியில் ஒரு சத நாணயத்தை வெளியிடுவதை நிறுத்திவிட்டது. காசாகக் கொடுத்தால் கணக்கை ஐந்து சதத்துக்குச் சரிசெய்கிறார்கள். அங்கே இப்போது அடிக்கப்படும் நாணயங்களில் ஆகச் சிறியது ஐந்து சதம்தான்.